புதுச்சேரி டால்பின் படகுப் பயணம்: எந்த மாதம், எத்தனை மணிக்கு?

புதுச்சேரியில் டால்பின் காட்டுகிறோம் என்று கூட்டிப்போகும் படகுகளுக்குக் குறைவில்லை. நோணாங்குப்பம் பக்கம் சுண்ணாம்பாறு, தேங்காய்த்திட்டு என்று கிளம்பும் இடம் மாறும். விளம்பரப் படம் மட்டும் ஒன்றேதான்: தண்ணீருக்கு மேலே வில்லாக வளைந்து துள்ளும் டால்பின். அந்தத் துள்ளலை நம்பித்தான் ஜனங்கள் பணம் கட்டுகிறார்கள். அதனால் இங்கே தனித்தனிப் படகுகளை விட்டுவிட்டு, விற்கப்படும் நேரங்களை மதிப்பிடுகிறோம். விடியல் பயணத்துக்கு 5-க்கு 4. மாலைக்கு 3. வெளியூர்க்காரர்கள் அதிகம் வாங்கும் முற்பகல் பத்து மணிப் பயணத்துக்கு 2, அதுவும் தாராளமாகப் போட்டால்.

முதலில், எந்த டால்பின் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் மீனவர்கள் ஓங்கில் என்று சொல்வதில் பல இனங்கள் அடக்கம். கரையை ஒட்டி, ஆற்று முகத்துவாரங்களுக்கு அருகில், ஆழம் குறைந்த நீரில் மேய்வது திமில் டால்பின். நீளமான மூக்கு முதலில் வெளியே வரும், பிறகு முதுகுத் திமில், பிறகு ஒன்றுமில்லை. இது துள்ளுவது அபூர்வம். இன்னும் கொஞ்சம் வெளியே போனால் பாட்டில்மூக்கு டால்பின். படகின் முகப்பில் வந்து கூடவே நீந்தும், எப்போதாவது எம்பிக் குதிக்கும். முதுகுத் துடுப்பே இல்லாத சிறு கடற்பன்றியும் இந்தக் கடற்கரையில் உண்டு. அது துள்ளாது, மூச்சு விட்ட இடத்தில் ஒரு நெளிவு தெரியும், அவ்வளவுதான். விளம்பரப் படத்துக்குத் தகுதியானது ஆழக்கடலை விரும்பும் ஸ்பின்னர் டால்பின். கரைக்கு அருகே அரைமணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பும் படகில் ஸ்பின்னரை எதிர்பார்ப்பது வீண். புதுச்சேரி, கடலூர் இரண்டுக்கும் வெளியே கடலடிப் பள்ளத்தாக்குகள் இருப்பதால் ஆழம் நம் பக்கம் உண்டு. ஆனால் அங்கே போய் வர எரிபொருளும் நேரமும் வேண்டும். ஆகவே பேரம் பேசும்போதே எத்தனை பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழம் வரை போவீர்கள் என்று கேளுங்கள். நல்ல ஓட்டி பாகக் கணக்கில் பதில் சொல்வார். ‘தூரமாப் போவோம்’ என்று மட்டும் சொல்பவரிடம் யோசித்துப் பணம் கொடுங்கள்.

ஸ்பின்னரின் சுழற்சியை ஒரு தடவையாவது அருகில் கவனிக்க வேண்டும். அது தண்ணீருக்கு அடியிலேயே உடம்பை முறுக்கிக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. நீரின் தடை இருக்கும் வரை சுழற்சி மெதுவாக இருக்கும். உடம்பு காற்றுக்கு வந்ததும் தடை விட்டுப்போவதால் வேகம் கூடிப் பம்பரமாகிறது. ஒரே பாய்ச்சலில் 7 சுற்று வரை பதிவாகியிருக்கிறது. விழும்போது தலை முதலில் போகாது. பக்கவாட்டில், முதுகு அடிபட விழும். அந்த அடியின் சத்தமும் நுரையும் தூரத்தில் இருக்கும் கூட்டத்துக்குச் சேதி சொல்லலாம் என்பது ஒரு விளக்கம். உடம்பில் ஒட்டிக்கொண்ட ஒட்டுமீனை உதற என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

நேரத்துக்கு வருவோம். ஹவாய்த் தீவில் டால்பின் ஆய்வாளர் கென்னத் நாரிஸ் குழுவினர் கியலகெக்குவா வளைகுடாவில் ஆண்டுக்கணக்கில் கவனித்து எழுதியது இதுதான்: ஸ்பின்னர்கள் இரவில் ஆழக்கடலில் இரை தேடும். பகலில் ஆழத்தில் கிடக்கும் விளக்குமீன், இறால், கணவாய் வகைகள் இருட்டியதும் மேல்நோக்கி வருவதே காரணம். காலையில் கூட்டம் வளைகுடாவுக்குள் வரும்போது கொஞ்சம் துள்ளல் இருக்கும். நண்பகலில் ஓய்வு: நெருங்கிச் சேர்ந்து, மெதுவாக, ஒரே சீராக மேலே வந்து மூச்சு வாங்கித் திரும்ப அமிழும், துள்ளல் ஏறக்குறைய நின்றுவிடும். பிற்பகலில் ஒன்றிரண்டு துள்ள ஆரம்பித்து, கூட்டம் வளைந்து வளைந்து வேகமெடுத்து, பொழுது சாயும்போது கடலுக்குள் கிளம்பும். சுழற்சிகள் குவிவது அப்போதுதான்.

இந்தக் கணக்கை நம் கடலுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. சோழமண்டலக் கரை நேர்கோடு. ஒதுங்கி ஓய்வெடுக்க அமைதியான வளைகுடா இல்லை. ஓய்வு இடத்தைவிட இரையே இங்கே பெரிய காரணம். அர்ஜென்டினாவில் பெர்ன்ட், மெலனி வூர்சிக் தம்பதி ஆராய்ந்த டஸ்கி டால்பின்கள் பகலில் நெத்திலி வகை மீனை வளைத்துப் பிடிக்கின்றன. அதே இனம் நியூசிலாந்தின் கைகோராவில், ஆழம் கரையை ஒட்டியே இருப்பதால், இரவில் மேய்ந்து பகலில் இளைப்பாறுகிறது. இனம் ஒன்று, இரை வேறு, அதனால் வேளையும் வேறு. வூர்சிக் தம்பதி துள்ளலையும் வகை பிரித்தார்கள்: தலை முதலில் சத்தமில்லாமல் நீருக்குள் போகும் துள்ளல் மேய்ச்சலுக்கானது, ‘தொப்’ என்று விழுவது மீனை வளைக்கும்போது, கரணமும் சுழலும் வயிறு நிறைந்த பிறகு. இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் படகில் உட்கார்ந்தபடியே கூட்டம் என்ன செய்கிறது என்று சொல்லிவிடலாம். பறவைகள் ஓரிடத்தில் குத்திக் குத்தி இறங்குகின்றனவா, தண்ணீர் மேல் மீன் மாப்பு (மீன் கூட்டம்) கொதிக்கிறதா என்று பார்க்கும் ஓட்டி, டால்பினைத் தேடி அலையும் ஓட்டியைவிட மேல்.

பருவத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் நடு வரை எங்கள் முதல் தேர்வு. வாடைக்காற்று தணிந்து, கலங்கிய ஆற்றுநீர் வற்றி, காலையில் கடல் எண்ணெய் தடவியது போல் இருக்கும் நாட்கள் அப்போது அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. இழுவலைப் படகு கழிக்கும் மீனுக்காகப் பின்னால் போகும் டால்பின்களை அந்த 61 நாளும் பார்க்க முடியாது. மறுபக்கம், இன்ஜின் இரைச்சல் குறைவு. ஜூலை முதல் செப்டம்பர் வரை விடியலில் கரைக்காற்றில் கடல் அடங்கியிருக்கும், முற்பகல் முடிவதற்குள் கடற்காற்று எழுந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகாதீர்கள். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கும்போது ‘நம்ம படகு தாங்கும்’ என்று சொல்பவரிடம் வாதம் கூட வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

பருவக் கணக்கில் பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. காற்று மணிக்கு 12 கி.மீ.யைத் தாண்டினால் கடலில் வெள்ளை நுரை தலைகாட்டும். அதற்குப் பிறகு முதுகுத் துடுப்பு தெரியாது, துள்ளல் மட்டுமே கண்ணில் படும். அமைதியான மாதத்தில் நூறு மீட்டருக்கு அப்பால் மூச்சு விடுவதும் தெரியும். ஆக, ‘இந்த மாதம் டால்பின் அதிகம்’ என்பதில் பாதி டால்பினின் கணக்கு, பாதி காற்றின் கணக்கு. முந்தைய நாள் இரவே ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பில் காற்றையும் அலை உயரத்தையும் பார்த்துவிடுங்கள்.

மாலைப் பயணத்துக்கு 3 கொடுத்ததும் காற்றால்தான். ஸ்பின்னர் துள்ளும் வேளை அது. வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், படம் எடுக்க அருமை. ஆனால் கடற்காற்று அலையைக் கிளப்பிவிடும்; இருட்டுவதற்குள் முகத்துவாரம் திரும்ப வேண்டும் என்பதால் ஓட்டி சீக்கிரமே படகைத் திருப்புவார். விடியலில் இதற்கு நேர்மாறு: கடல் சமம், வெயில் கண்ணுக்கு நேரே. நம் கரை கிழக்குப் பார்த்தது என்பதால் இது தவிர்க்க முடியாது. கூட்டத்தைத் தூரமாகச் சுற்றி அதன் கடல் பக்கம் போய், கரையைப் பார்த்தபடி படகை நிறுத்தச் சொல்லுங்கள். கூச்சம் போய்விடும்.

முகத்துவாரத்தில் மணல் மேடு ஏறுவது இங்கே தீராத தொல்லை. ஓதம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், வத்தத்தில் (நீர் வடிந்திருக்கும்போது) படகு தட்டி நிற்க அதுவே போதும். ஐந்தரை மணிக்குக் கிளம்ப வேண்டிய படகு ஏழுக்குக் கிளம்பினால் விடியல் பயணத்துக்குக் கொடுத்த மதிப்பெண் செல்லாது. தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் படகுகள் ஆள் சேரும் வரை காத்திருந்தும் இதே நேரத்தைத் தின்னும். நான்கைந்து பேர் சேர்ந்து முழுப் படகாகப் பேசிக்கொள்வதே சரி. கடலூரிலிருந்து வருகிறவர்களுக்கு நோணாங்குப்பம் வழியிலேயே இருக்கிறது, ஊருக்குள் போக வேண்டியதில்லை.

மிகவும் வருத்தம் தருவது சில ஓட்டிகள் கூட்டத்தைத் துரத்தும் விதம். கூட்டத்தின் நடுவே படகை விடுவது, வட்டமடிப்பது, விசில், கைதட்டல். டால்பின் வாலால் தண்ணீரை அறைந்தால் ‘டாட்டா காட்டுது’ என்கிறார்கள். நெருங்கிய படகைக் கண்டு வாலை அறைவது, முங்கும் நேரம் நீள்வது, சட்டென்று திசை மாறுவது எல்லாம் தொந்தரவின் அடையாளங்கள். ஹவாயில் 2021 முதல் ஸ்பின்னரை 50 கெஜத்துக்குள் நெருங்கவே சட்டம் விடுவதில்லை. இரவெல்லாம் மேய்ந்து வந்தது பகல் ஓய்வை இழந்தால் அடுத்த இரவு வேட்டைக்குத் தெம்பு இருக்காது. இங்கேயும் 50 மீட்டரில் வேகத்தைக் குறைத்து, பக்கவாட்டில் இணையாகப் போய், அரைமணிக்கு மேல் தங்காமல் விலகும் ஓட்டிக்கே காசு கொடுங்கள். வர விருப்பமிருந்தால் அவையே படகு முகப்புக்கு வரும். மீன் வீசிக் கூப்பிடவே கூடாது.

கேமராவுக்கு 200 முதல் 300 மி.மீ. லென்ஸ், ஷட்டர் 1/1600 அல்லது அதைவிட வேகம். டால்பின் காற்றில் இருப்பது ஒரு விநாடியை ஒட்டித்தான், அதனால் முதல் துள்ளலைப் பிடிக்க முயலாதீர்கள். ஸ்பின்னர் ஒன்று சுழன்றால் பெரும்பாலும் அடுத்தடுத்து எம்பும். விழுந்த நுரையிலிருந்து அது போகும் திசையில் கொஞ்சம் முன்னே குறிவைத்துக் காத்திருங்கள். போனில் எடுப்பவர்கள் விநாடிக்கு 60 பிரேமில் வீடியோவாக எடுத்துப் பிறகு படத்தைப் பிரித்துக்கொள்ளலாம். வாந்தி மாத்திரை போடுவதானால் டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும்; அலை ஆட்டத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. லைப் ஜாக்கெட்டில் கொக்கி எல்லாம் மாட்டுகிறதா என்று கரையிலேயே இழுத்துப் பாருங்கள். குழந்தைகளுக்குத் தனி அளவு இல்லை என்றால் அந்தப் படகு வேண்டாம்.