குட்டி முயலுக்கு ஹே பாக்கெட் வாங்கலாமா? கலர் மிக்ஸ் வேண்டவே வேண்டாம்!

முயல் குட்டி வாங்குற எல்லாரும் அடுத்து கேக்குற கேள்வி, ஹேங்கற காஞ்ச புல்லுக்குப் போயி இவ்ளோ காசு குடுக்கணுமா, கேரட்டும் முட்டைகோஸும் போட்டா பத்தாதான்னு. பத்தாதுங்க. எங்க வீட்ல இருக்கறது நியூசிலாந்து வெள்ளைங்கற ரக முயல், வாங்கும்போது ரெண்டு மாசம் முடிஞ்சிருந்துச்சு. அதுக்கு ஆன்லைன்ல வாங்குன அல்ஃபால்ஃபாங்கற தீவனச் செடியோட ஹே, முயல் வாங்குன கடையில கூடவே கட்டி குடுத்த கலர் மிக்ஸ் தீனி ரெண்டையும் வச்சுப் பாத்துட்டுதான் எழுதுறேன்.

மொதல்ல ஹே. பாக்கெட்ட பிரிச்ச உடனே மோந்து பாருங்க, நல்ல ஹேன்னா வெயில்ல காஞ்ச பசும்புல் வாசனை வரும், நிறமும் பச்சையா இருக்கும், தண்டோட இலையும் ஒட்டிட்டு இருக்கும். நான் வாங்குனது அப்படித்தான் இருந்துச்சு, ஆனா அடியில தூசி ஜாஸ்தி. முயலுக்கு மூச்சுக்குழாய் ரொம்ப சென்சிடிவ், தூசி போனா தும்ம ஆரம்பிச்சிரும், அதனால முறத்துல போட்டு நல்லா புடைச்சிட்டுதான் வைக்கிறேன். மண்ணு வாடையோ பூஞ்சை வாடையோ அடிச்சா யோசிக்காம திருப்பி அனுப்பிருங்க.

ஹே எதுக்கு இவ்ளோ முக்கியம்னா, முயலுக்கு பல்லு ஆயுசுக்கும் வளந்துட்டே இருக்கும், நார் உள்ள புல்ல மணிக்கணக்கா மென்னாதான் அது தேயும். வயிறும் அதே மாதிரிதான், உள்ள நார் போயிட்டே இருந்தாதான் குடல் நகரும், முயலால வாந்தி எடுக்கவும் முடியாது. அதனால அரை நாள் சாப்பிடாம, புழுக்கை போடாம மூலையில உக்காந்திருந்தா அது எமர்ஜென்சி, நாளைக்குப் பாக்கலாம்னு விடக்கூடாது, அப்பவே கால்நடை டாக்டர் கிட்ட ஓடணும்.

குட்டிக்கு ஏன் பெரிய முயலுக்குப் போடுற திமோத்திங்கற புல்லு ஹே இல்லாம அல்ஃபால்ஃபான்னு நெறைய பேர் கேக்குறாங்க. வளர்ற வயசுல புரோட்டீனும் கால்சியமும் அதிகம் வேணும், அது அல்ஃபால்ஃபால இருக்கு. ஆனா ஏறக்குறைய ஆறு மாசம் வரைக்கும்தான். அதுக்கப்புறமும் அதையே குடுத்தா மிச்சமான கால்சியம் எல்லாம் மூத்திரம் வழியா போகும், சுண்ணாம்பு கரைச்ச மாதிரி வெள்ளையா கெட்டியா வரும், கல்லு வர்ற வாய்ப்பும் இருக்கு. அதனால ஆறு மாசம் நெருங்கும்போது கொஞ்சம் கொஞ்சமா திமோத்திய கலந்து மாத்திடுங்க, ஒரே நாள்ல மாத்துனா வயிறு கெட்டுரும்.

விலைதான் கஷ்டம், ஒத்துக்கறேன். அதுக்கு ஒரு வழி இருக்கு. அல்ஃபால்ஃபா வேற ஒண்ணும் இல்ல, நம்ம ஊர்ல மாட்டுக்குப் போடுற குதிரைமசால்தான். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துலயே கோ 1னு ரகம் விட்டிருக்காங்க. மாடு வச்சிருக்கவங்க யாராவது தெரிஞ்சா ஒரு கட்டு வாங்கி நெழல்ல ஒணத்தி வச்சுக்கலாம், மருந்து எப்ப அடிச்சாங்கன்னு மட்டும் கண்டிப்பா கேட்டுக்கோங்க. பச்சையா ஒரேயடியா நெறைய போடாதீங்க, வயிறு ஊதிரும். பெரிய முயலுக்கு அருகம்புல்ல ஒணத்தி போட்டாலும் நல்லா சாப்பிடும், திமோத்தி செலவும் குறையும்.

இப்ப அந்த கலர் மிக்ஸ். மக்காச்சோளம், சூரியகாந்தி விதை, செகப்பு மஞ்சள் பிஸ்கெட் துண்டு, நடுவுல கொஞ்சம் பெல்லட், அதாவது அரைச்சு அழுத்தி செஞ்ச குச்சித் தீனி. கிண்ணத்துல கொட்டுனா எங்க குட்டி மூக்காலயே எல்லாத்தையும் கெளறி ஒதுக்கிட்டு விதையையும் பிஸ்கெட்டையும் மட்டும் பொறுக்கித் தின்னுச்சு, பெல்லட் அப்படியே அடியில கெடந்துச்சு. பக்கத்துல வச்ச ஹேய திரும்பிக்கூட பாக்கல, மறுநாள் புழுக்கை சின்னதா ஒழுங்கில்லாம வந்துச்சு. நிறுத்துனதும் ரெண்டும் சரியாச்சு. இத குட்டி முயல் தீனின்னு சொல்லி விக்கறது உண்மையிலயே எனக்கு கோவம் வருது, புதுசா வாங்குறவங்க நம்பித்தானே குடுக்கறாங்க. பெல்லட் வேணும்னா எல்லாம் ஒரே மாதிரி இருக்கற, நார் 18 சதவீதத்துக்கு மேல போட்டிருக்கற சாதா பெல்லட் வாங்கி கொஞ்சமா வைங்க. கேரட் இனிப்பு, எப்பவாவது ஒரு துண்டு போதும். வெங்காயம், பூண்டு, சாக்லேட் பக்கமே போகாதீங்க.

இன்னொண்ணு, முயலுக்கு தண்ணி வைக்கக்கூடாது, வச்சா செத்துரும்னு ஊர்ல சொல்லுவாங்க. தப்புங்க. ஹே சாப்பிடுற முயலுக்கு எப்பவும் தண்ணி வேணும், நம்ம வெயிலுக்கு கேக்கவே வேணாம். பாட்டில்ல சொட்டு சொட்டா நக்குறத விட கிண்ணத்துல நல்லா குடிக்குது, கவுக்காத மாதிரி கனமான பீங்கான் கிண்ணமா பாத்து வைங்க.

ஹே ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்சதும் குட்டி நடந்துக்கற விதமே மாறுது. சாயங்காலம் திடீர்னு ஓடி அந்தரத்துல ஒடம்ப முறுக்கி குதிக்குதுன்னா பயப்படாதீங்க, சந்தோஷம் தாங்கல, அவ்ளோதான். தாடையால கதவு, செருப்பு எல்லாத்தையும் தேய்க்குதுன்னா இது என்னோடதுன்னு வாசம் வைக்குது. பின்னங்காலால தரைய டம்முனு அடிச்சா எதையோ பாத்து பயந்திருக்கு. தடவும்போது பல்ல மெதுவா நறநறங்குறது சுகம், ஆனா சுருண்டு உக்காந்து சத்தமா கடிச்சா வலி. காலைல குனிஞ்சு பின்பக்கம் வாய் வச்சு எதையோ திங்குதேன்னு பதறாதீங்க, அது கொத்தா வர்ற மெத்துன்னு இருக்கற புழுக்கை, அதுல இருக்கற சத்த ரெண்டாவது தடவ எடுத்துக்குது, அதுக்கு அது கட்டாயம் வேணும்.

ஹே ட்ரேய, அது புழுக்கை போடுற டப்பாவுக்கு மேலயே எட்டுற மாதிரி மாட்டிருங்க, தின்னுட்டே புழுக்கை போடுறது அதுங்க பழக்கம், டாய்லெட் ட்ரெய்னிங் தன்னால நடந்துரும். என் ரேட்டிங் ஹேய்க்கு 5க்கு 4, தூசிக்காக ஒண்ணு கொறைச்சேன். கலர் மிக்ஸுக்கு பூஜ்யம். மொதல் தடவ சின்ன பாக்கெட்டா வாங்கி பாருங்க, பிரிச்சப்புறம் காத்து போற துணிப்பைல மாத்தி வைங்க, பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சா நம்ம புழுக்கத்துக்கு சீக்கிரமே பூஞ்சை புடிச்சிரும்.