கேரவன் எடுத்து ஹம்பி, பாதாமி போக நினைப்பவர்கள் முன்பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

பெங்களூரில் ஓர் ஏஜென்ட் மூலம் நாங்கள் எடுத்த கேரவனில் கழிப்பறை இல்லை, ஏசி ஓடவில்லை, அதை வாடகைக்கு விடும் அனுமதியும் இல்லை. திரும்பி வந்தபின் டெபாசிட்டிலும் கை வைத்துவிட்டார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை இங்கே போட முடியவில்லை. ஆனால் இதே மாதிரி ஆட்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று தெரிகிறது, அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

காரை எடுத்துக்கொண்டு போகாமல் எதற்குக் கேரவன் என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். வடகர்நாடகத்தில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே சோளக்காடும் பருத்திக்காடும்தான், பெட்ரோல் பங்க் கழிப்பறைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இத்தனைக்கும் அவருக்குப் பட்டடக்கல் போயே ஆக வேண்டும். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் வெட்டிவைத்த கன்னடக் கல்வெட்டைப் பார்த்த நாளிலிருந்து இந்த ஆசை. காஞ்சியைப் பிடித்தவன், கோயில் சொத்தைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தான் என்று சொல்லும் கல்வெட்டு அது. அந்த வெற்றிக்காக அவன் ராணி லோகமகாதேவி பட்டடக்கல்லில் கட்டியதுதான் விருபாட்சர் கோயில். இரண்டையும் பார்த்துவிட வேண்டும் என்று இவர் பிடித்த பிடியில் நின்றார்.

ஏஜென்ட் போனில் தேனாகப் பேசினார். நாள் வாடகை 12,000 ரூபாய், டிரைவர் பேட்டா தனி, டெபாசிட் 40,000. படுக்கை, கழிப்பறை, ஷவர், நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி, "இருபத்துநாலு மணி நேரமும் ஏசி மேடம்". பணத்தை ஒரு தனிநபரின் யூபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். கம்பெனிக் கணக்கு இல்லையா என்று கேட்டதற்கு, அது எங்கள் அக்கவுன்டன்ட் கணக்குதான் என்றார். ஜிஎஸ்டி பில் வண்டி கொடுக்கும்போது தருவதாகச் சொன்னார். இன்றுவரை வரவில்லை.

யஷ்வந்தபுரம் பக்கம் வண்டி வந்து நின்றது. ஒரு பழைய டெம்போ டிராவலரை மாற்றிக் கட்டியது. வெளியே புது பெயின்ட், உள்ளே விளம்பரப் படத்தில் இருந்த அதே நீலத் திரை. நம்பர் பிளேட் வெள்ளை. சொந்த வண்டிக்குத்தான் வெள்ளைப் பலகை, வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகை, நாமே ஓட்டிப் போகும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. இவர் அதைச் சொன்னவுடன் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டோம். "கேரவனுக்கு எல்லாம் அப்படித்தான் சார், தனி ரூல்" என்றார். அப்படி ஒரு ரூலும் கிடையாது. முழுப் பணமும் போயிருந்தது, ரயிலில் வந்து இறங்கியாயிற்று. ஏறிவிட்டோம்.

டிரைவர் ஓசூர்க்காரர், நல்ல மனிதர். இந்தக் கதையில் அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தும்கூர் தாண்டியதும் கழிப்பறைக் கதவைத் திறக்கப் போனேன். பழுப்பு நிற டேப் ஒட்டியிருந்தது. "அம்மா, அதை யூஸ் பண்ண வேணாம்மா" என்று முன்னாலிருந்தே குரல் கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன். மேலே வெள்ளைப் பீங்கான் மாதிரி ஒரு பிளாஸ்டிக் இருக்கை, மூடி, எல்லாம் இருந்தது. இந்த மாதிரி வண்டிகளில் கழிவு கீழே ஒரு பெட்டியில் சேரும். கேசட் என்பார்கள், வெளிப்பக்கச் சின்னக் கதவு வழியாக இழுத்துக் கொட்டிவிட்டு வரலாம். அந்தப் பெட்டியே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஜாக்கியும் நைலான் கயிறும் ஒரு பழைய சட்டையும் கிடந்தன. நூறு லிட்டர் தொட்டி என்றது வாஷ்பேசினுக்கு அடியில் வைத்த இருபது லிட்டர் குடிதண்ணீர் கேன், அதில் ஒரு சின்ன மோட்டார். ஷவர் குழாய் எதோடும் சேராமல் சுவரில் திருகியிருந்தது.

எங்களுக்குச் சிரிப்பா அழுகையா தெரியவில்லை. சித்ரதுர்க்கா கோட்டைக்கு வந்துசேர்வதற்குள் இவருக்காக எத்தனை இடத்தில் நிறுத்தினோம் என்று எனக்குத்தான் தெரியும். ஏழு சுற்றுக் கோட்டை, ஹைதர் அலியின் சிப்பாய்களை உலக்கையால் அடித்து வீழ்த்திய ஓபவ்வாவின் பாறை இடுக்கு என்று பார்க்க எவ்வளவோ இருக்கிறது. வாசலில் இருந்த கழிப்பறையை வைத்துத்தான் நாங்கள் எவ்வளவு தூரம் ஏறுவது என்று முடிவு செய்தோம்.

ஏசி விஷயம் ராத்திரி தெரிந்தது. கூரை ஏசி 230 வோல்ட் மின்சாரத்தில் மட்டும் ஓடும். வண்டியை எங்காவது நிறுத்தி, ஒயரை வெளியே இழுத்து, 15 ஆம்பியர் பிளக்கில் செருகினால் குளிர்காற்று வரும். இல்லாவிட்டால் இன்வெர்ட்டர் பேட்டரியில் ஒரு சின்ன ஃபேன். விடுதிக்காரர்கள் பலர் ஒயரைப் பார்த்ததும் வேண்டாம் என்கிறார்கள். கோயில்கள் இருக்கும் பகுதியில் ராத்திரி வண்டி போட முடியாது. கடைசியில் ஹொசப்பேட்டையில் ஒரு லாட்ஜில் அறை எடுத்துப் படுத்தோம், வண்டிக்கு வாடகை கொடுத்துக்கொண்டே. நல்ல பேட்டரி போட்ட கேரவன்களில் இன்ஜின் ஓடாமலேயே ஏசி சில மணி நேரம் தாங்கும் என்று பின்னால் விசாரித்தபோது தெரிந்தது.

ஹம்பி எங்கேயும் ஓடிப்போகாது, ஏமாற்றமும் தராது. 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு இடித்துத் தீர்த்த நகரம் இன்னும் இவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறது. விட்டலர் கோயிலுக்கு எப்படியும் வண்டியை வெளியே விட்டுவிட்டு பேட்டரி கார்தான்.

மறுநாள் காலை ஊருக்கு வெளியே போக்குவரத்துத் துறை ஜீப் கைகாட்டியது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பி, மெதுவாகச் சொன்னார்: "அம்மா, கேட்டா ஓனரோட சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க. அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்காங்க." ஓனர் பெயரே எங்களுக்குத் தெரியாது. நாற்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவர் என் வீட்டுக்காரர், பொய் சொல்ல வராது. வாடகைக்கு எடுத்தோம் என்று சொல்லி யூபிஐ ரசீதையும் காட்டிவிட்டார். அதிகாரி எங்களிடம் மரியாதையாகத்தான் பேசினார். வண்டி ஒருவருடையது, விளம்பரம் இன்னொருவருடையது, பணம் போனது மூன்றாவது ஆளுக்கு என்பது அங்கே நின்றபோதுதான் விளங்கியது. ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. ஓனர் அபராதம் கட்டி வண்டி கிளம்ப மதியம் தாண்டிவிட்டது. இந்த மாதிரி வண்டியில் போய் விபத்து நடந்தால், சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசியில் வாடகைக்கு ஓட்டினீர்கள் என்று சொல்லி இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரிக்க வழி இருக்கிறது என்றும் அந்த அதிகாரிதான் எடுத்துச் சொன்னார். எனக்கு வயிறு கலங்கியது அப்போதுதான்.

அந்த அரைநாள், வழியில் பார்க்க வைத்திருந்த கோயில் ஊரான ஐஹொளெயைத் தின்றுவிட்டது. பட்டடக்கல்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூடும் நேரம். விருபாட்சர் கோயிலின் கிழக்கு வாசலில் இவர் தூண்களில் ஒவ்வொன்றாகக் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அதற்குள் காவலர் விசில் ஊதுகிறார். காஞ்சியில் பார்த்த அமைப்பு இங்கே எப்படி வந்திருக்கிறது என்று எனக்குக் காட்ட ஆரம்பித்து, விமானத்தோடு நிறுத்திக்கொண்டார். பணத்தைவிட எனக்கு இதுதான் இன்னும் ஆறவில்லை. மறுநாள் பாதாமியில் 578ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ள மூன்றாம் குகையை நிதானமாகப் பார்த்தோம். நரசிம்மவர்மன் 642இல் பிடித்த வாதாபி இதுதான் என்று அகஸ்தியர் தீர்த்தக் கரையில் உட்கார்ந்து இவர் டிரைவருக்கே பாடம் எடுத்தார். பிஜாப்பூர் போய் கோல்கும்பஸ் என்ற பெரிய கும்மட்டக் கல்லறையைப் பார்க்கும் திட்டத்தை விட்டுவிட்டுத் திரும்பினோம்.

அப்புறம் டெபாசிட். ஒரு வாரம் "பிராசஸ் ஆகுது" என்றார்கள். பிறகு வந்தது வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு. அதிகக் கிலோமீட்டர், சோபாவில் கறை, "டாய்லெட் கிளீனிங் 3,500". இல்லாத கழிப்பறையைக் கழுவியதற்குக் காசு! கிலோமீட்டரில் இன்னொரு வித்தை. நாங்கள் ஏறின இடத்திலிருந்து கணக்குப் போடாமல், வண்டி ஷெட்டிலிருந்து புறப்பட்டுத் திரும்ப ஷெட்டுக்குப் போனதுவரை எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் இவர் ஓடோமீட்டரைப் போட்டோ எடுத்து வைத்திருந்தார். அதை அனுப்பினேன், எங்கள் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். 40,000இல் கைக்கு வந்தது 17,000.

எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் வண்டி எண்ணைக் கேளுங்கள். எம்பரிவாகன் செயலியில் போட்டால் வண்டியின் வகை, இன்சூரன்ஸ், தகுதிச் சான்று எல்லாம் தெரிந்துவிடும். எண்ணைத் தர மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள். அடுத்து வீடியோ காலில் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள், கழிப்பறைக் கேசட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள், இன்ஜினை நிறுத்திவிட்டு ஏசியைப் போடச் சொல்லுங்கள். நல்ல ஆட்கள் சந்தோஷமாகக் காட்டுகிறார்கள், கோவையிலேயே ஒருவர் எங்களுக்குக் காட்டினார். கிலோமீட்டர் எங்கிருந்து எங்கேவரை என்பதை எழுத்தில் வாங்குங்கள். பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும்.

நாங்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தோம். அதற்குப் பிறகு ஏஜென்ட் தானாகக் கூப்பிட்டு, 5,000 தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டோம். பெங்களூர் வரை அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், யூபிஐ ரசீது, டேப் ஒட்டிய கதவின் போட்டோ, ஓடோமீட்டர் படங்கள் எல்லாம் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். அந்த நீலத் திரை வண்டியில் ஏறிப் பணம் இழந்தவர்கள் வேறு யாராவது இருந்தால், ரசீதை அழித்துவிடாமல் எனக்கு ஒரு தகவல் அனுப்புங்கள். அடுத்த வாய்தாவுக்குள் கிடைத்தால் உதவும்.