கீலுக்கு 'நானோ கிரீஸ்', பில் 240 வெள்ளி: பினாங்கு அடுக்குமாடிவாசிகள் கவனத்திற்கு

ஜெலுத்தோங் பக்கம் ஓர் அடுக்குமாடி வீடு. மூன்று அறைக் கதவும் திறந்தால் கிறீச், மூடினால் கிறீச். வாட்ஸ்அப்பில் சுற்றிய விளம்பரத்தை நம்பி ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பத்தே நிமிட வேலை. லேபிள் கிழித்து வேறு ஸ்டிக்கர் ஒட்டிய ஸ்பிரே டப்பா, கீலுக்கு இரண்டு பீய்ச்சல், வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. "நானோ கிரீஸ் டிரீட்மென்ட், கதவுக்கு 80" என்று 240 வெள்ளி பில். மூன்றாம் வாரம் சத்தம் திரும்பியது. அதே ஆள் வந்து, "கீல் தேஞ்சு போச்சு, ஒன்பதையும் மாத்தணும்" என்று இன்னொரு 540 வாங்கிக்கொண்டார். கழற்றிப் போட்ட பழைய கீல்களைத் துடைத்து ஆட்டிப் பார்த்தால் ஒன்றில்கூடப் பக்கவாட்டு ஆட்டம் இல்லை. தேய்மானமே கிடையாது, அழுக்குதான்.

அந்த மூன்று வாரம்தான் இந்தத் தொழிலின் சூட்சுமம். கீலின் நடுவில் செருகியிருக்கும் பின் என்ற கம்பி காய்ந்துபோனால் வழுக்காமல், பிடித்துப் பிடித்து விடுபடும். வயலின் வில் தந்தியில் செய்வதும் இதையேதான். உள்ளே வெற்றாக இருக்கும் அறைக் கதவு அந்த அதிர்வைப் பெரிதாக்கிக் கொடுக்கிறது. டபிள்யூ.டி.-40 போன்ற ஸ்பிரேயில் பெரும்பகுதி கரைப்பான். 1953இல் ஈரத்தை விரட்டுவதற்கென்று உருவானது அது. பெயரில் இருக்கும் இரண்டு எழுத்துக்கும் அதுதான் பொருள். அழுக்கைக் கிளப்ப அருமையான சாமான். ஆனால் கரைப்பான் ஆவியானதும் மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும். கதவின் எடை அதை நசுக்கித் தள்ளிவிடும், சத்தம் திரும்பும், ஆளும் திரும்புவார். பால்பேரிங் வைத்த கீலாக இருந்தால் இன்னும் மோசம்: உள்ளே இருந்த நல்ல கிரீஸையும் சேர்த்துக் கழுவிவிடும்.

சமையலறையிலிருந்து எடுத்து ஊற்றுவதும் வேண்டாம். செம்பனை எண்ணெய் காற்றுப்பட்டுப் பிசினாகி, தூசியையும் எறும்பையும் சேர்க்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஏர்கோன் 20இல் ஓடும் படுக்கையறையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிலிக்கோன் ஸ்பிரே பிளாஸ்டிக், நைலான் பாகங்களுக்குப் பொருத்தம். ஆனால் தெறித்த இடத்தில் பிறகு சாயம் ஒட்டாது, வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் பேச்சு வாங்க நேரிடும். அவசரத்துக்கு வாசலின் பரவாயில்லை. கீலுக்கு உரியது வெள்ளை லித்தியம் கிரீஸ். இரும்புக் கடையில் டியூபாகவும் ஸ்பிரேயாகவும் கிடைக்கும்.

பின்னின் தலை மேலே தெரிந்தால் அது கழற்றக்கூடிய கீல். கதவை மூடி, அடியில் மடித்த அட்டையைச் செருகி எடையைத் தாங்கவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே கீல். கீழே தொடங்கி, மேல் கீலைக் கடைசியாக. மூன்றங்குல ஆணியைக் கீழிருந்து வைத்து மெதுவாகத் தட்டினால் பின் மேலே வரும். கறுப்புப் பசையை வழித்து, துரு இருந்தால் 400 எண் மணல்தாளால் தேய்க்கவும். சாத்தே குச்சியில் துணி சுற்றி, பின் இருந்த குழாயின் உள்ளே துடைப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், சத்தம் பாதி அங்கேதான் இருக்கிறது. பச்சைப் பட்டாணி அளவு கிரீஸ் பின் முழுக்கத் தடவப் போதும். பின்னை இறக்கிவிட்டு, அட்டையை எடுத்து, இருபது தடவை திறந்து மூடி, பிதுங்கியதைத் துடையுங்கள்.

புதிய கொண்டோக்களில் பெரும்பாலும் கழற்ற முடியாத பின். அங்கே லித்தியம் ஸ்பிரேதான் வழி. நீர்மமாக இடுக்கில் இறங்கி, பிறகு கெட்டியாகும். குழலை மூட்டு இடுக்கில் வைத்து, பின்னால் துணி பிடித்துக்கொண்டு அடிக்கவும். கதவை ஆட்டினால் கறுப்பாக வழியும். தெளிவாக வரும்வரை துடைத்துத் துடைத்து அடியுங்கள். சாமி மேடையில் விளக்கு எரிந்தால் அணைத்துவிட்டு, சன்னலையும் திறந்து வைத்த பிறகே டப்பாவைத் தொடுங்கள். டப்பாவிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும்.

இத்தனைக்கும் முன்னால் கைப்பிடிப் பக்கம் கதவைத் தூக்கிப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் ஸ்குரு தளர்ந்திருக்கிறது. எந்த எண்ணெயும் உதவாது. ஓட்டையில் பல்குச்சியும் மரப்பசையும் திணித்து, காய்ந்தபின் முறுக்க வேண்டும்.

கீல் மாற்றியே ஆக வேண்டும் என்றால் புதிய கீலில் குளிர்பெட்டிக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஜெலுத்தோங் வீட்டில் 'ஸ்டெய்ன்லெஸ்' என்று பில் போட்ட ஒன்பதிலும் காந்தம் பச்சக்கென்று ஒட்டியது: முலாம் பூசிய இரும்பாகவோ மலிவான ரகமாகவோதான் இருக்கும், கடல்காற்றில் சீக்கிரமே துரு பூக்கும். காந்தம் ஒட்டாவிட்டாலும் முழு உறுதி இல்லை, மலிவான 201 ஸ்டெய்ன்லெஸ் ரகத்திலும் ஒட்டாது. பில்லில் நல்ல ஸ்டெய்ன்லெஸ் ரகமான '304' என்று எழுதி வாங்குங்கள். வாசல் கதவில் பொம்பா (தீயணைப்புத் துறை) முத்திரை இருந்தால் அது தீத்தடுப்புக் கதவு, அதன் கீலில் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நடுவர் மன்றத்தில் மனுச் செய்ய 5 வெள்ளிதான் கட்டணம், மூன்று ஆண்டுக்குள் போடலாம். பில், வாட்ஸ்அப் உரையாடல் இரண்டையும் அழிக்காதீர்கள். "பழைய இரும்பை நானே எடுத்துப் போறேன்" என்று அந்த ஆள் கரிசனமாகக் கேட்பார். கழற்றிய கீல்களைக் கொடுத்துவிடாதீர்கள், தேயவில்லை என்பதற்குச் சாட்சி அவைதான்.