நாச்சியார்கோயில் ஈயம் பூசும் பட்டறை: மூன்று பாத்திரம் கொடுத்து வாங்கிய அனுபவம்

ஆடிப்பெருக்கு அன்று கும்பகோணம் சக்கரப் படித்துறையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். பித்தளைத் தூக்கில் இருந்த புளியோதரையின் ஓரம் பச்சையாகத் தெரிந்தது. கறிவேப்பிலை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு பருக்கையை நாக்கில் வைத்ததும் காசைச் சப்பியது போல ஒரு துவர்ப்பு. உடனே துப்பிவிட்டுத் தூக்கை மூடினேன். பிள்ளைகள் யாரும் கை வைக்கவில்லை, அதுவே பெரிய நிம்மதி. தயிர்சாதம் எவர்சில்வர் டப்பாவில் இருந்ததால் யாரும் பசியோடு திரும்பவில்லை.

அந்தத் தூக்கு என் மாமியாரின் கல்யாணச் சீர். அவர் பெயர் வெட்டியிருக்கும். தூக்கிப்போட மனம் வராது. தெருவில் வந்த ஒருவரிடம் போன வருடம்தான் உள்பக்கம் ஈயம் (வெள்ளீயம், ஆங்கிலத்தில் டின்) பூசியிருந்தோம். பொங்கலுக்குள் அடியில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. நானும் அசட்டையாக இருந்துவிட்டேன்.

நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள், குடவாசலில் டியூஷன் எடுக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் தூக்கைத் தேய்த்துக் கழுவி, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரை அதில் ஊற்றி ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் பார்த்தால் தண்ணீர் கிட்டத்தட்ட தெளிவாகத்தான் இருந்தது. அதில் கொஞ்சம் கண்ணாடி டம்ளரில் எடுத்து நீர்த்த அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். சட்டென்று நீலம். செம்பு கரைந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். புளியிலும் எலுமிச்சையிலும் இருக்கும் அமிலம், ஈயம் தேய்ந்த இடத்தில் அந்தச் செம்பைக் கரைத்து உப்பாக்கிவிடுகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் களிம்பு ஏறிவிட்டது என்று சொல்வது இதைத்தான்.

சரி, இனி தெருவில் வருபவரிடம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்து, கும்பகோணம் பஸ்ஸில் ஏறி நாச்சியார்கோயிலில் இறங்கினேன். குத்துவிளக்குக்குப் பேர்போன ஊர். விளக்குக் கடைகளைத் தாண்டி, ஒரு சந்துக்குள் ஓட்டுக்கூரை போட்ட சின்னப் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. அறுபது வயதைத் தாண்டிய பெரியவரும் அவர் மனைவியும் வேலை செய்கிறார்கள். தூக்கு, ஒரு பித்தளைக் குண்டான், காப்பிக்கு இரண்டு டவரா, இதுதான் நான் கொண்டுபோன கணக்கு. டவராவை இரண்டும் சேர்த்து ஒன்றாகவே எண்ணிக்கொண்டார்.

நான் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, இது சுத்த வெள்ளீயம்தானா?" கோபப்படுவாரோ என்று பயந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு ஈயக் குச்சியை எடுத்து, கூட வந்த என் மகள் காதுக்குப் பக்கத்தில் வளைத்தார். நறநறவென்று சன்னமாக ஒரு சத்தம். "இந்த அழுகை காரீயத்துல வராது பாப்பா" என்றார். காரீயம் என்பது லெட், நச்சு உலோகம். அப்புறம் குச்சியை வெள்ளைத் தாளில் கிழித்துக் காட்டினார். காரீயமாக இருந்தால் கறுப்பாகக் கோடு விழும். இதில் அப்படி விழவில்லை. இந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. செம்பு களிம்பாக வந்து நிறத்தையும் ருசியையும் மாற்றி நம்மை எச்சரிக்கும். காரீயம் சாப்பாட்டில் இறங்கினால் கண்ணுக்கோ நாக்குக்கோ ஒன்றும் தெரியாது. அதனால் பூசுவதற்கு முன்னாலேயே கேட்டுவிட வேண்டும், கூச்சப்படாதீர்கள்.

வேலையை முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்தோம். புளியும் மணலும் போட்டுத் தேய்த்ததில் உள்ளே இருந்த கறுப்பு போய், பித்தளை ரோஸ் நிறத்துக்கு வந்தது. கரி அடுப்பில் வைத்துச் சூடேற்றியதும் மறுபடி நிறம் மங்க ஆரம்பித்தது. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் சும்மா இருக்காது, சூட்டில் செம்பின் மேல் உடனே ஒரு படலம் போட்டுவிடும். அந்தப் படலத்தின் மேல் ஈயம் ஒட்டாது. அப்போதுதான் நவச்சாரத்தைத் தூவினார். குப்பென்று வெள்ளைப் புகை, மூக்கைத் துளைக்கும் நெடி, மங்கிய இடம் கண் முன்னால் பளிச்சென்று தெளிந்தது. நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரியும். அந்த அமில வாயுதான் படலத்தை எடுக்கிறது. மிச்சம் இரண்டும் மேலே போய், ஆறிய காற்றில் மறுபடி சேர்ந்து வெள்ளைப் புகையாகத் தெரிகிறது.

அடுத்து ஈயக் குச்சியைச் சூடான பாத்திரத்தில் தொட்டதும் அது உருகி ஓடியது. பழைய பருத்தித் துணியால் ஒரே சுழற்று, மஞ்சள் முழுக்க வெள்ளியாகிவிட்டது. "அம்மா, நிறம் மாறிடுச்சு, இதுவும் வேதிமாற்றம்தானே?" என்றாள் மகள். எட்டாவது படிக்கிறாள். இல்லை, வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், ஆறினால் பழையபடி வெள்ளீயம்தான் என்றேன். தண்ணீரில் முக்கியபோது வந்த சத்தமும் ஆவியும் அதே மாதிரி, சூடு தணிந்தது, அவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு அழகு இருக்கிறது. செம்பும் ஈயமும் தொடும் இடத்தில் மெல்லிய ஒரு அடுக்கில் இரண்டும் சேர்ந்து புதுச் சேர்மம் உண்டாகிறது. பூச்சு பிடித்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே புகையும் இல்லை, குமிழும் இல்லை, நம் கண்ணுக்கு எதுவுமே காட்டாமல் நடக்கிறது. அவளுக்கு இதைச் சொன்னபோது எனக்கே சிலிர்த்தது.

மொத்தம் 900 ரூபாய் வாங்கினார். தெருவில் வந்தவரை விட இரண்டு மடங்கு. எனக்கு அது அதிகமாகத் தோன்றவில்லை. வீட்டில் மறுபடி அதே எலுமிச்சைத் தண்ணீர், அதே ஒரு ராத்திரி, அதே அம்மோனியா. தூக்கிலும் குண்டானிலும் நீலம் துளிகூட வரவில்லை. இரண்டு மாதமாக வாரம் இரண்டு நாள் குண்டானில் ரசம் வைக்கிறேன், பூச்சு அப்படியே இருக்கிறது.

குறை என்றால் இரண்டு. அன்று தூக்கை மட்டும்தான் கண் முன்னால் முடித்தார். மற்றவற்றை வியாழக்கிழமை தருவதாகச் சொல்லிச் சனிக்கிழமைதான் கொடுத்தார். போன் செய்து சொல்லியிருந்தால் ஒரு பஸ் செலவு மிச்சம். இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். அந்தப் புகை வெளியே போகச் சரியான வழி இல்லை. அந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு காற்றடிக்கிறார். பின்பக்கச் சுவரில் ஒரு புகைபோக்கி வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். நீங்கள் போனாலும் இதைச் சொல்லுங்கள், நாலு பேர் சொன்னால் செய்வார். குழந்தையைக் கூட்டிப் போனால் காற்று வரும் பக்கம் நிறுத்திவையுங்கள்.

பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் வைக்காதீர்கள், முதலில் தண்ணீரோ புளிக்கரைசலோ ஊற்றிவிட வேண்டும். தாளிப்பை வேறு கரண்டியில் செய்து கொட்டுங்கள். கம்பி நார் கூடாது. பட்டறை செவ்வாய்க்கிழமை கிடையாது. காலை பத்து மணிக்குள் போனால் அடுப்பு பற்றவைக்கும் நேரம், தேய்ப்பதில் இருந்து எல்லாவற்றையும் பார்க்கலாம்.