கெதார்சே: ஆறு ஆண்டுகள் புழங்கிய பின் ஒரு ஸ்பானிய வினைச்சொல்

2019இல் மாட்ரிடுக்குக் குடிவந்த புதிதில் நான் மனப்பாடம் செய்த வினைச்சொற்களுள் கெதார்சே ஒன்று. குறிப்பேட்டில் அதற்கு எதிரே 'தங்கு' என்று ஒற்றைச் சொல் எழுதி வைத்திருந்தேன். ஆறு ஆண்டுகள் நாள்தோறும் அதைப் பேசியும் கேட்டும் பழகிய பிறகு, அந்த ஒற்றைச் சொல்தான் என்னை நெடுநாள் தடுமாற வைத்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

'தங்கு' என்னும் பொருள் பொய்யன்று. 2020 மார்ச் 14 அன்று ஸ்பெயின் முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, 'கேதாதே என் காசா', அதாவது 'வீட்டிலேயே இரு' என்ற வேண்டுகோளே எங்கும் கேட்டது. அந்த வாரங்களில் இச்சொல்லை நான் கேளாத நாளில்லை.

சிக்கல் தற்சுட்டில், அதாவது செய்பவரையே திருப்பிச் சுட்டும் 'சே' என்னும் சிற்றசையில் தொடங்குகிறது. மே கேதோ, தே கேதாஸ், சே கேதா என்று ஆளுக்கு ஏற்ப மாறி வினைக்கு முன்னே நிற்கும் அச்சிற்றசை, ஏவலிலும் வினையின் மூல வடிவிலும் பின்னே ஒட்டிக்கொள்ளும். அதை விட்டுவிட்டால் வேறு பொருள் பிறக்கிறது. உடன் பணிபுரிந்த ஒருவர் 'கெதாமோஸ் மன்யானா' என்றபோது, நாளை அவரவர் வீட்டில் இருக்கப்போகிறோம் என்று எண்ணி நான் வெளியே கிளம்பவில்லை. அவரோ நாளை சந்திக்கலாம் என்று சொல்லியிருந்தார், மெட்ரோ வாயிலில் நெடுநேரம் காத்திருந்தார். தற்சுட்டு இல்லாத கெதார் சந்திக்க நேரம் குறிப்பது, மிச்சமிருப்பது, ஓரிடம் அமைந்திருப்பது, உடை ஒருவருக்குப் பொருந்துவது என்று பல வேலை செய்யும்.

என் புரிதலைத் திருப்பிப் போட்டது 'மே கெதே தோர்மீதோ' என்ற வாக்கியம். 'தூங்கியவனாகத் தங்கினேன்' என்று மொழிபெயர்த்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. நாம் 'தூங்கிப்போனேன்' என்கிறோமே, அதுதான் இது. பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டன: 'மே கெதே எலாதோ' என்றால் உறைந்துபோனேன், 'மே கெதே சின் பலாப்ராஸ்' என்றால் பேச்சற்றுப் போனேன். 'தே பியேத்ரா' என்று சேர்த்தால் கல்லாய்ச் சமைந்தேன் என்பதற்கு வெகு அருகில் வந்துவிடுகிறது. இச்சொல்லின் வேர் 'ஓய்ந்த, அமைதியான' என்று பொருள்படும் க்வியேத்துஸ் என்னும் லத்தீன் சொல்லில் இருக்கிறது. ஏதோ ஒன்று நிகழ்ந்து ஓய்ந்தபின் ஒருவர் எந்த நிலையில் எஞ்சுகிறார் என்பதையே கெதார்சே காட்டுகிறது என்று கொண்டால் பார்வை இழத்தலும், துணையை இழத்தலும், வேலையின்றி நிற்பதும் இந்த ஒரே வினையில் வருவது இயல்பாகப்படும். கோபத்தால் முகம் சிவப்பதற்கு போனேர்சே, முயன்று மருத்துவராவதற்கு ஆசேர்சே என வேறு வினைகள் உண்டு. அங்கே இதைப் போட்டால் கேட்பவர் புருவம் நெரியும்.

நான் மிகவும் விரும்பிப் பயன்படுத்துவது 'உடன்' என்று பொருள்படும் 'கோன்' சேர்ந்த வடிவத்தை. 'கேதேசே கோன் எல் காம்பியோ' என்றால் 'மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்'. நம் 'கொள்' துணைவினை செய்யும் பணியை 'சே' செய்வதை இங்கே கண்கூடாகக் காணலாம். கடையில் ஒரு பொருளைத் தேர்ந்தபின் 'மே லோ கேதோ' என்றால், எடுத்துக்கொள்கிறேன் என்று பொருள்.

எனக்கு இன்னும் முழுதாகக் கைவராதது அழுத்தம். கேதோ என முதலசை அழுந்தினால் 'நான்', நிகழ்காலம். கெதோ என இறுதியசை அழுந்தினால் 'அவர்', இறந்தகாலம். எழுத்தில் ஒரு கோட்டுக்குறிதான் வேறுபாடு. விரைந்து பேசுகையில் இப்போதும் பிசகுகிறது. இடத்திற்கு இடம் வழக்கும் மாறும். கருவுற்றதைச் சொல்ல மாட்ரிட்வாசிகள் பெரும்பாலும் 'சே' சேர்க்க, லத்தீன் அமெரிக்கர் பலர் அது இல்லாமலே கெதார் என்கின்றனர். எதிரே இருப்பவர் எந்த ஊர்க்காரர் என்று பார்த்து நானும் அதற்கேற்பப் பேசுகிறேன்.