தராசில் காட்டிய 94 கிராம்: ரோஸ் கோல்டு கைக்கடிகாரம் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நேற்று மாலை என் ரோஸ் கோல்டு (செம்பு கலந்த இளஞ்சிவப்புத் தங்கம்) கைக்கடிகாரத்தை விற்றுவிட்டு வந்தேன். பன்னிரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கியதற்கு, ஐந்து மாதச் சம்பளம்தான் கைக்கு வந்தது. பதினெட்டு மாதங்களில் ஏழு மாதச் சம்பளம் போய்விட்டது. இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை. இந்த ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் வெட்கம் வந்து வாயை அடைத்துவிடும், அப்புறம் வேறொருவர் இதே கடையில் இதே நாற்காலியில் போய் உட்காருவார். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பயன்படுத்திய சொகுசுக் கைக்கடிகாரங்களை இணையத்தில் படம் போட்டு, விருப்பம் தெரிவித்தவர்களை நேரில் வரவழைத்து விற்கும் வகையைச் சேர்ந்த கடை அது. வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் வாங்கியது சுவிட்சர்லாந்தின் பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் தானியங்கிக் கடிகாரம். தோல் வார், 18 காரட் ரோஸ் கோல்டு கூடு, பின்பக்கம் கண்ணாடி வழியாக உள்ளே இயந்திரம் சுழல்வது தெரியும். பகட்டுக்காக நான் அதை வாங்கவில்லை. பல ஆண்டுகள் சேர்த்த பணத்தைக் கையில் கட்டிக்கொள்ளவும் வேண்டும், அவசரத்துக்கு விற்றால் பெரிய இழப்பு இல்லாமல் திரும்பி வரவும் வேண்டும் என்றுதான் எண்ணினேன். ஸ்டீல் கடிகாரங்களைப் பார்க்கப் போயிருந்த என்னை ரோஸ் கோல்டு பக்கம் திருப்பியதே அந்தக் கடைக்காரர்தான். "சார், ஸ்டீல் இரும்பு வகை. நாளைக்கு அந்தப் பெயர் மவுசு இழந்தால் உங்கள் கையில் மிஞ்சுவது இரும்பு. இது தங்கம். பெயர் போனாலும் தங்கம் போகாது," என்றார். தங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் மனம் இளகாதவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நான் ஏமாந்த அந்த நிமிடத்தைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் முழு மோசடியும் அதற்குள்தான் இருந்தது. அவர் வெள்ளைத் துணிக் கையுறை மாட்டிக்கொண்டு, கறுப்பு வெல்வெட் தட்டில் இருந்த கடிகாரத்தை இரண்டு விரல்களால் எடுத்து, மேசை மேலிருந்த சிறிய மின்னணுத் தராசில் வைத்தார். எண்கள் ஓடி 94-இல் நின்றன. தராசை என் பக்கம் திருப்பிக் காட்டி, ஒரு வார்த்தையும் பேசாமல் சிரித்தார். பிறகுதான், "94 கிராம், 18 காரட். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்," என்றார். நானும் போட்டேன். 18 காரட் என்றால் நான்கில் மூன்று பங்கு தங்கம். ஆக, சுமார் 70 கிராம் சுத்தத் தங்கம் என் கையில் இருக்கும் என்று மனம் தானாகவே கணக்கிட்டுக்கொண்டது. அவர் பொய் சொல்லவில்லை. 94 கிராமும் தங்கம் என்று அவர் வாயிலிருந்து வரவே இல்லை. தோல் வாரும், பக்கிளும், முன்னும் பின்னும் இருந்த கண்ணாடிகளும், உள்ளே இருந்த இயந்திரமும் சேர்ந்துதான் அந்தத் தராசில் உட்கார்ந்திருக்கின்றன என்பது என் கண்ணெதிரே இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

அதன் பிறகு அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நம்பினேன். புதியதன் விலையில் பத்தில் ஒரு பங்கு மட்டும் குறைத்துக் கொடுப்பதைச் சலுகை என்றார். "கீறல் ஒன்றாவது தெரிகிறதா, பாருங்கள், கடையிலிருந்து இன்றைக்குத்தான் வந்ததுபோல் இருக்கிறது," என்றார். இந்த நிறம் ஒருநாளும் மங்காத சிறப்புக் கலவை என்றார். இதே மாடல் என்னென்ன விலைக்குப் போயிற்று என்று தொலைபேசியில் படங்களைக் காட்டினார். உத்தரவாத அட்டை முந்தைய உரிமையாளரிடம் இருக்கிறது, பத்து நாளில் தபாலில் வந்துவிடும் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, "எப்போது வேண்டாம் என்று தோன்றினாலும் எங்களிடமே கொண்டு வாருங்கள், நீங்கள் கொடுத்த விலையில் நூற்றுக்கு 85 கொடுத்து எடுத்துக்கொள்கிறோம், இது வாய் வார்த்தை அல்ல, எங்கள் வழக்கம்," என்றார். அதை ரசீதில் எழுதித் தருமாறு கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பன்னிரண்டு மாதச் சம்பளத்தை எண்ணிக் கொடுத்த நான், ஒரு வரி எழுதிக் கேட்கக் கூச்சப்பட்டேன்.

குடும்பத்தில் திடீரென்று பெரிய செலவு வந்தது. அதன் விவரம் இங்கே வேண்டாம். உத்தரவாத அட்டை அதுவரை வந்திருக்கவில்லை. அதைக் கேட்டுக் கேட்டு நானே ஓய்ந்திருந்தேன். கடைக்குச் செய்தி அனுப்பினேன். படித்துவிட்டார்கள் என்பதற்கான அடையாளம் தெரிந்தது, பதில் இல்லை. மூன்றாம் நாள் போன் செய்தபோது, மதிப்பிடும் நிபுணர் வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். அவர் வந்ததும், கடிகாரத்தை ஒப்படைத்துவிட்டுப் போங்கள், பத்து நாள் ஆகும் என்றார்கள். பத்து நாள் இருபது நாளாயிற்று. பங்குதாரர் முடிவு சொல்ல வேண்டும் என்றார்கள். பங்குதாரர் முடிவு சொன்னபோது, நாங்கள் இப்போது நேரடியாக வாங்குவதை நிறுத்திவிட்டோம், விற்றுத் தருகிறோம், எங்களுக்கு நூற்றுக்கு 15 கமிஷன், விற்ற பிறகுதான் பணம் என்றார்கள். உங்கள் ஆள் சொன்ன 85 என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, அப்படி எழுதியிருந்தால் ரசீதைக் காட்டுங்கள் என்றது பதில். சொன்னவர் எங்கே என்று கேட்டதற்கு, அவர் இப்போது இங்கே வேலை பார்ப்பதில்லை என்றது பதில். அவசரம் என்று நான் கெஞ்சிய பிறகு, மனமிரங்குவதுபோல் ஒரு தொகை சொன்னார்கள். நான் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது நான்கு மாதச் சம்பளம். சந்தை சரியில்லை சார் என்று ஒரு வரியும் அதோடு வந்தது.

கடிகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு இரண்டு வியாபாரிகளிடம் போனேன். அவர்களில் ஒருவர், வயதில் மூத்தவர், கடிகாரம் பழுது பார்ப்பவரும்கூட. என்னை எதிரில் உட்காரவைத்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்கள் தம்பி," என்றார். வாரைப் பிடித்திருக்கும் நான்கு கால்களில் ஒன்றின் அடிப்பக்கத்தில், சுவிட்சர்லாந்து அரசின் முத்திரை இருக்க வேண்டும்: 1995 ஆகஸ்ட் முதல் அது செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை. அதன் அருகே 750 என்ற எண் இருக்கும். ஆயிரத்தில் 750 பங்கு தங்கம் என்பது அதன் பொருள். அவர் தன்னிடமிருந்த வேறொரு ரோஸ் கோல்டு கடிகாரத்தை முதலில் காட்டினார். நாயின் காது, மூக்கு, அந்தத் தலைக்குள் பொறித்த குட்டி எழுத்து எல்லாம் கூர்மையாகத் தெரிந்தன. பிறகு என்னுடையதைப் பார்த்தேன். நாய்த்தலை இருந்த இடத்தில், நனைந்து அழிந்த தபால் முத்திரைபோல் ஒரு மேடு மட்டும் இருந்தது. 750-இல் பூஜ்யத்தின் ஒரு பக்கமே இல்லை.

கடிகாரம் போலி அல்ல என்று அவர் உறுதியாகச் சொன்னார். ஆனால் அதை ஒன்றுக்கு மேற்பட்ட முறை சக்கரத்தில் வைத்துப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பாலிஷிலும் உலோகம் தேய்கிறது. அந்தக் கால்களின் விளிம்புகளில் கத்தி முனைபோல் இருக்க வேண்டிய கோடுகள் சோப்புக்கட்டிபோல் உருண்டுவிட்டன. கீறல் ஒன்றாவது தெரிகிறதா என்று அன்று கடைக்காரர் கேட்டது இதைத்தான். தெரியாததற்குக் காரணம், கீறலோடு சேர்த்துக் கடிகாரத்தின் வடிவத்தையும் வழித்துவிட்டார்கள் என்பது. இந்த விஷயம் தெரிந்து வாங்குபவர்கள் நான்கு கீறல் இருந்தாலும் பாலிஷ் படாத கூட்டைத்தான் தேடுவார்கள் என்று பெரியவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. பக்கிளைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் 750 இல்லை. அசல் தங்கப் பக்கிளை எடுத்துவிட்டு, முலாம் பூசிய ஸ்டீல் பக்கிளை மாட்டியிருக்கிறார்கள். நிறம் மங்காத கலவை என்ற பேச்சும் அப்படித்தான். ரோஸ் கோல்டின் சிவப்பு செம்பிலிருந்து வருகிறது. பரவலாகப் பயன்படும் 5என் கலவையில் 75 விழுக்காடு தங்கம், 20.5 விழுக்காடு செம்பு, 4.5 விழுக்காடு வெள்ளி. குளோரின் கலந்த நீரும் கடல் நீரும் பட்டால் அந்தச் செம்பு நிறம் மாறக்கூடும். ரோலக்ஸ் 2005-இல் அறிமுகப்படுத்திய எவரோஸ் கலவையில் நிறத்தைக் காக்கப் பிளாட்டினம் சேர்க்கிறார்கள், ஒமேகா தன் செட்னா கலவையில் பல்லேடியம் சேர்க்கிறது. அவை அந்தந்த நிறுவனத்துக்கு உரியவை. என்னுடையது வேறு நிறுவனத்தின் சாதாரண 5என்.

பிறகு என் சம்மதத்தோடு கூட்டைத் திறந்து, தங்கப் பாகங்களை மட்டும் தனியே எடை போட்டார். 42 கிராம். அதில் நான்கில் மூன்று பங்கு சுத்தத் தங்கம் என்றால் 31.5 கிராம். 70 கிராம் என்று நான் பதினெட்டு மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தது அதில் பாதிகூட இல்லை. அதை உருக்கினால் கிடைக்கக்கூடியது என் இரண்டு மாதச் சம்பளத்தைச் சற்றே தாண்டும். பன்னிரண்டில் இரண்டு! மீதி பத்தும் பெயருக்கும், வேலைப்பாட்டுக்கும், கடைகளின் இலாபத்துக்கும் கொடுத்தது. அந்தப் பத்துதான் சந்தையில் ஏறி இறங்கும், அதைத் தங்கம் தாங்கிப் பிடிக்காது. இந்தப் பதினெட்டு மாதங்களில் தங்கத்தின் விலை ஏறிக்கொண்டேதான் இருந்தது. என் கடிகாரத்தின் விலை அதோடு ஏறவில்லை.

மறுவிற்பனைச் சந்தை எப்படி இயங்குகிறது என்பதையும் அவரே விளக்கினார். ஒரே மாடல் ஸ்டீலிலும் தங்கத்திலும் வரும்போது, தங்கத்தின் புதுவிலை பல மடங்காக இருக்கும். ஆனால் பழைய சந்தையில் அதைத் தேடி வருபவர்கள் குறைவு. தேடுபவர்கள் குறைந்த பொருளை வியாபாரி மாதக்கணக்கில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், வாங்கும்போதே விலையை அடித்துத்தான் வாங்குவார். வரிசையில் காத்திருந்து வாங்கும் சில மாடல்கள் ரோஸ் கோல்டிலும் விலை தாங்குகின்றன, அது உண்மை. தோல் வார் போட்ட சாதாரண ரோஸ் கோல்டு கடிகாரம் அந்த வகை அல்ல. எனக்குத் தொலைபேசியில் காட்டிய விலைப் படங்களை நினைவிலிருந்து சொன்னேன். அவை 2022 தொடக்கத்து விலைகள், பழைய கடிகாரச் சந்தை உச்சத்தில் இருந்த காலம் அது, அதன் பின் நெடுநாள் சரிந்தது என்றார். அதிலும் அவை விற்பவர்கள் கேட்ட விலைகளே தவிர, யாரும் கொடுத்த விலைகள் அல்ல. புதுவிலையில் பத்தில் ஒன்று குறைத்ததாக எனக்குச் சலுகை காட்டினார்களே, அதே நாளில் இதே மாடல், அட்டையோடும் பெட்டியோடும், நான் கொடுத்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குக் கிடைத்திருக்கும் என்று அவர் சொன்னதைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

நேற்று அவரிடமே விற்றேன். ஐந்து மாதச் சம்பளத்துக்கு ஈடான தொகை கொடுத்தார். தேய்ந்த கூடு, மாற்றிய பக்கிள், அட்டை இல்லை, இதற்கு மேல் கொடுத்தால் எனக்குக் கட்டாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுக் கொடுத்தார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. வெளியே வந்ததும் பழைய கடைக்குப் போன் செய்து, பாலிஷையும் பக்கிளையும் பற்றிக் கேட்டேன். "பயன்படுத்திய பொருள், உள்ளது உள்ளபடி என்று ரசீதில் போட்டிருக்கிறோமே சார்," என்றார்கள். போட்டிருக்கிறார்கள்தான், ரசீதின் அடியில், பொடி எழுத்தில். கடிகாரத்தின் வரிசை எண் அதில் இல்லை, எடை இல்லை, பக்கிளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த ஒரு வரி மட்டும் இருக்கிறது. மறுபடி அழைத்தபோது என் எண்ணைத் தடுத்துவிட்டிருந்தார்கள். ஏழு மாதச் சம்பளம். ஒரு மனிதனின் ஏழு மாத உழைப்பை வாங்கி வைத்துக்கொண்டு, அவன் குரலைக்கூடக் கேட்க மாட்டோம் என்கிறார்கள்.

விரிவாக எழுதுகிறேன் என்று தொடக்கத்தில் சொன்னேன். இப்போது அதற்குத் தெம்பு இல்லை. அவசரத்துக்குச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். உத்தரவாத அட்டை பிறகு வரும் என்றால் பணமும் பிறகு என்று சொல்லுங்கள். அட்டையில் உள்ள எண்ணும் கடிகாரத்தின் எண்ணும் ஒன்றா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். புதுவிலையோடு ஒப்பிட்டுச் சலுகை சொன்னால் காதில் வாங்காதீர்கள். வாங்குவதற்கு முன்பே இரண்டு வியாபாரிகளிடம், இதே கடிகாரத்தை நான் விற்க வந்தால் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள். திரும்ப எடுத்துக்கொள்வோம் என்பதை விழுக்காட்டோடும் காலக்கெடுவோடும் ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பூதக்கண்ணாடி இல்லாமல் போகாதீர்கள், முத்திரை மழுங்கியிருந்தால் மேற்கொண்டு பேசவே வேண்டாம். பக்கிளின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். யாராவது உங்கள் முன்னால் கடிகாரத்தைத் தராசில் வைத்தால், முதலில் வாரைக் கழற்றச் சொல்லுங்கள். கூட்டுக்கு மட்டும் எத்தனை கிராம் என்று கேளுங்கள், அதையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.