பருக்கையா, நிறமா: தீப்பாறையை எதிலிருந்து கற்பது?

மாக்மா என்கிற உருகிய பாறைக்குழம்பு ஆறி இறுகியதுதான் தீப்பாறை; கிரானைட் அதில் ஒரு வகை. மதுரையை அடுத்த மேலூர்ப் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறைகளில் ஒடிந்த துண்டுகள் குவிந்து கிடக்கும். கேட்டு ஒன்றை வாங்கித் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். கண்ணாடி போல மினுங்குவது குவார்ட்ஸ், வெள்ளையோ இளஞ்சிவப்போ ஃபெல்ட்ஸ்பார், கறுப்புப் பொட்டு பெரும்பாலும் மைக்கா. இத்தனை பெரிய பருக்கை எப்படி வந்தது? கற்கண்டு மாதிரிதான். பாகு மெதுவாக ஆறினால் கட்டி பெரிதாகும். பூமிக்கடியில் மாக்மா மிக நிதானமாகக் குளிர்ந்தால் கிரானைட். மேலே வழிந்து சட்டென்று ஆறினால் கண்ணுக்குத் தெரியாத பருக்கையோடு பசால்ட். ஒரு துண்டைப் பார்த்தே அது பிறந்த இடம் பூமிக்கு அடியிலா மேலேயா என்று சொல்லிவிடலாம், இதுதான் எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகப் பிடித்தது.

நிறம் சொல்வது வேதியியலை. கிரானைட்டில் சிலிக்கா (குவார்ட்ஸ் ஆன அதே பொருள்) சுமார் 70 சதவீதம், அதனால் வெளிர். பசால்ட்டில் சுமார் 50, இரும்பும் மக்னீசியமும் அதிகம், அதனால் கறுப்பு. ஆனால் நிறம் ஏமாற்றும். கடையில் 'கறுப்பு கிரானைட்' என்று விற்பது பெரும்பாலும் டோலரைட் அல்லது கேப்ரோ, இரண்டும் பசால்ட்டைப் போன்ற வேதியியல் கொண்ட வேறு தீப்பாறைகள். எரிமலைக் கண்ணாடியான ஆப்சிடியனோ கன்னங்கரேல் என்றிருந்தும் சிலிக்கா நிறைந்தது.

அதனால் முதலில் பருக்கை, அப்புறம் நிறம் என்றே சொல்வேன். வகைப்படுத்த இரண்டும் வேண்டும்.

ஒன்று கவனியுங்கள்: மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பல பாறைகள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. துண்டில் வரிவரியாகப் பட்டை ஓடினால் அது நைஸ் (gneiss) என்கிற உருமாறிய பாறை, தீப்பாறைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.